பத்து கிராம் கணக்கு: குன்னூர்க் குளத்தில் ஒரு மாதிரி நீர்மூழ்கி போன விவரம்

சனிக்கிழமை மாலை நாலேகால் மணிக்குப் படகு தண்ணீருக்குள் இறங்கியது. கரையில் மூன்று பேர் நின்று கைதட்டினோம்: நான், கோவையில் எஞ்சினியரிங் படிக்கும் என் தங்கை மகன், தேயிலைத் தோட்டத்து வாட்ச்மேன். நீர்மூழ்கி வேண்டுமென்றே கீழே போவது, தண்ணீர் புகுந்து அடியில் போவது: நம் மொழியில் ரெண்டுக்கும் ஒரே சொல்தான், மூழ்குவது. நாங்கள் கைதட்டியது ஒரு மூழ்கலுக்கு, நடந்துகொண்டிருந்தது இன்னொன்று. அது புரிய இரண்டு நிமிடம் ஆனது.

நான் குன்னூர் பஜாரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். எரிந்துபோன மோட்டார் வந்தால் எதனால் எரிந்தது என்று பார்க்காமல் கம்பி சுற்றமாட்டேன். அதே பழக்கத்தில்தான் இந்தப் படகு ஏன் போனது என்று எழுதிவைக்கிறேன்.

படகு

முதலில் ஆசைப்பட்டது விசாகப்பட்டினம் கடற்கரையில் காட்சிக்கு நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுராவுக்கு. 1969-இல் கடற்படையில் சேர்ந்து 2001-இல் ஓய்வு பெற்ற, 91 மீட்டர் நீளமுள்ள சோவியத் வகை நீர்மூழ்கி. அந்த வகையில் என் கைக்கு வந்த கிட் (உதிரிகளை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாதிரி) 1/350 அளவு, அதாவது நிஜத்தில் 350-இல் ஒரு பங்கு. ஒட்டி முடித்தால் 26 செ.மீ. அலமாரிக்கு அழகு, ஆனால் உள்ளே மோட்டார் வைக்க இடமில்லை. அதனால் ஜெர்மானிய 7-சி வகைக்கு மாறினேன். ஏழாம் வகைப் படகுகளை இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் 700-க்கு மேல் கட்டினார்கள். நீளம் 67.1 மீட்டர், 1/72 அளவில் 93 செ.மீ. கீல் நகரத்துக்குப் பக்கத்தில் லபோ கடற்கரையில் யு-995 என்ற படகு இன்னும் நிற்கிறது. அது சற்றுப் பிந்திய 7-சி/41 வடிவம் என்றாலும் படம் பார்த்து வேலை செய்யப் போதும்.

கிட் அலமாரிக்காகச் செய்தது. தண்ணீரில் விட வேண்டுமானால் முதல் வேலை ஓட்டைகள். நிஜப் படகில் வெளி உடலுக்கும் உள்ளே ஆட்கள் இருக்கும், நீர் புகாத அழுத்த உடலுக்கும் நடுவே தண்ணீர் தாராளமாகப் போய்வரும். அதற்காகப் பக்கவாட்டில் வரிசை வரிசையாகத் துளைகள் இருக்கும். கிட்டில் அவை வெறும் பள்ளங்கள். எல்லாவற்றையும் திறந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மேல்தளத்துக்கு அடியில் காற்று மாட்டிக்கொண்டு படகு ஒருபக்கமாகச் சாயும், அல்லது மூழ்காது. தெரிந்த பத்தர் ஒருவரிடம் சன்ன ட்ரில் பிட்டும் நகை அறுக்கும் ரம்ப இழையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எத்தனை துளை என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன். கடை சாத்தியபிறகு தினம் ஒரு மணி நேரம், ஒன்றரை மாதம்.

இரண்டாவது, உள்ளே நீர் புகாத சிலிண்டர். இதில் ஒரு சந்தோஷமான பொருத்தம் இருந்தது. நிஜப் படகின் அழுத்த உடலின் குறுக்களவு 4.7 மீட்டர். 72-ஆல் வகுத்தால் 65 மி.மீ. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பி.வி.சி. பைப் 63 மி.மீ.! அதில் 40 செ.மீ. நறுக்கி, இரண்டு முனைக்கும் லேத் பட்டறையில் நைலான் மூடி கடைந்து வாங்கினேன். பின்மூடி வழியாக இரண்டு புரொப்பெல்லர் தண்டுகளும் சுக்கான் கம்பிகளும் போவதால் அது நிரந்தரம். பாட்டரி மாற்ற, ரிசீவர் பார்க்க எல்லாம் மூக்குப்பக்க மூடியைத்தான் கழற்ற வேண்டும். அதற்கு ஒரே ஒரு ஓ-ரிங், அதாவது அடைப்புக்கான ரப்பர் வளையம். திருகு, கொக்கி எதுவும் இல்லை, இறுக்கத்தில் நிற்கும். கையால் இழுத்தால் வராத அளவுக்கு இறுக்கம் என்று நினைத்துத் திருப்திப்பட்டேன். பின்னால் இந்த வாக்கியத்துக்குத் திரும்ப வருகிறேன்.

மூழ்க வைப்பது 60 மில்லி சிரிஞ்சு. கியர் மோட்டார் ஒன்று திருகுக்கம்பியைச் சுற்றி பிஸ்டனை இழுக்கும், வெளித்தண்ணீர் சிரிஞ்சுக்குள் வரும், படகு கனக்கும். தள்ளினால் தண்ணீர் வெளியே போகும். நிஜப் படகு மேலே மிதக்கும்போது 769 டன், மூழ்கும்போது 871 டன். அந்த 102 டன் வித்தியாசத்தை 72-இன் மும்மடிப் பெருக்கமான 3,73,248-ஆல் வகுத்தால் 270 மில்லிக்குக் கொஞ்சம் மேல். நான் வைத்தது அதில் கால்வாசிகூட இல்லை. அதனால் என் படகு நிஜப் படகு மாதிரி நிமிர்ந்து மிதக்காது. தளம் நனைந்து, அதன்மேல் நிற்கும் கோபுரம் மட்டும் வெளியே தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் ஒரு மிடுக்குதான்.

மற்றவை சுருக்கமாக. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் தண்ணீருக்குள் சில சென்டிமீட்டர்கூடத் தாண்டாது. பழைய 27 மெகாஹெர்ட்ஸ் பொம்மைக் கார் செட்டைப் பிரித்துப் போட்டேன். நன்னீரில் அது இரண்டு மீட்டர் ஆழம் வரை கேட்கிறது. கீழே எடைக்கு டயர் கடையில் சக்கரம் சமன்செய்யப் போடும் ஈயத்துண்டு. மேலே மிதப்புக்குத் தெர்மோகோல் வைத்தேன். பிளாஸ்டிக் பசையின் ஆவி பட்டு மறுநாள் காலையில் அது கோந்தாகக் கிடந்தது. கிட்டும் பாலிஸ்டைரீன், தெர்மோகோலும் பாலிஸ்டைரீன், கிட்டை ஒட்டும் பசை இரண்டையும் கரைக்கும் என்று தோன்றவே இல்லை. பிறகு பழைய ஹவாய் செருப்பை அறுத்து வைத்தேன். இன்றுவரை அதுதான் இருக்கிறது.

பெயின்ட்டுக்குக் குன்னூர் பனிமூட்டம் ஆகாது. ஈரக் காற்றில் அடித்த கிளியர் கோட் பால் பூத்தமாதிரி வெளுத்தது. அட்டைப்பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பு எரியவிட்டு, உதிரிகளை முதலில் அதில் காயவைத்து, வெதுவெதுப்பாக எடுத்து அடித்த பிறகே சரியாக வந்தது.

மேட்டுப்பாளையம், பிறகு குன்னூர்

முதன்முதலாக எடையைச் சமன்செய்வது மலையடிவார மேட்டுப்பாளையத்தில், சித்தப்பா தோட்டத்துத் தொட்டியில் நடந்தது. சுவருக்கு மேலிருந்து பார்த்தால் அடி தெரியும் தண்ணீர், ஆழம் இடுப்பளவு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் முழுக்க ஈயத்தை முன்னும் பின்னும் நகர்த்தி, சிரிஞ்சு 55 மில்லி உறிஞ்சியதும் படகு மட்டமாக முழுகும்படி வைத்தேன். 5 மில்லி கைவசம். தண்ணீரின் வெப்பம் 29 டிகிரி. சிலிண்டரைத் திறந்தால் ஏதாவது நகர்ந்துவிடும் என்று, அடைத்தது அடைத்தபடியே படகை அட்டைப்பெட்டியில் வைத்துச் சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் குளம். அனுமதி வாங்கியிருந்தோம், ஒரு நிபந்தனையோடு: ஐந்து மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும், காட்டெருமை தண்ணீர் குடிக்க வரும். மூன்றரைக்குப் படகை விட்டோம். சிரிஞ்சு 60 மில்லியும் உறிஞ்சியது. படகு முழுகவில்லை. கோபுரத்தின் மேல்பாதி விறைப்பாக வெளியே நின்றது.

மருமகன் மீன்தொட்டி வெப்பமானியைத் தண்ணீரில் விட்டான். 17 டிகிரி.

"மாமா, குளிர்ந்த தண்ணி அடர்த்தி ஜாஸ்தி. அதான் தூக்குது."

சரியான பேச்சு. 29 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 995.9 கிராம், 17 டிகிரியில் 998.8. என் படகு முழுகும்போது விலக்கும் தண்ணீர் 1.9 லிட்டர். ஆக 5.5 கிராம் கூடுதல் மிதப்பு. கைவசம் இருந்தது 5. அரை கிராம்தான் குறைய வேண்டும். ஆனால் தளத்தின் மேல் 5 கிராம் ஈயத்துண்டு ஒன்றை வைத்தோம், முழுகவில்லை. இன்னொன்று வைத்தோம், கோபுரத்தின் நுனி மட்டும் பிடிவாதமாக வெளியே நின்றது. 10 கிராம் போட்டும் போதவில்லை. அரை கிராம் எங்கே, 10 கிராம் எங்கே? அந்த இடத்தில் நான் படகைத் தூக்கி வெளியே வைத்திருக்க வேண்டும். "தளத்துக்குக் கீழ காத்து மாட்டியிருக்கும்" என்றேன். சொன்னதற்கு ஏற்றமாதிரி மூக்குப்பக்கத் துளைகளிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. பார்த்தாயா, காற்று வெளியேறுகிறது என்று அவனிடம் காட்டினேன்.

பத்து நிமிடம் கழித்து, யாரும் ரிமோட்டைத் தொடாமலே, படகு மூக்கைத் தாழ்த்தி அழகாக இறங்கியது. அப்போதுதான் கைதட்டினோம். நிஜப் படகு அவசரத்துக்கு ஏறக்குறைய அரை நிமிடத்தில் மறையும். எங்களுடையது அதைவிட வேகம்.

மேலே வரச்சொல்லி பொத்தானை அழுத்தினேன். சிரிஞ்சு மோட்டார் ஓடும் சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து மெலிதாகக் கேட்டது. படகு வரவில்லை. மறுபடி உறிஞ்சி, மறுபடி தள்ளினேன். குமிழி வந்தது, படகு வரவில்லை. மூங்கில் தொரட்டியை விட்டுத் துழாவினோம். "சார், மாடு எறங்குது, கிளம்புங்க" என்று வாட்ச்மேன் சத்தம் போட்டார். மேட்டில் ஏழெட்டுக் காட்டெருமைகள். கிளம்பிவிட்டோம். படகு ராத்திரி முழுக்க அடியில் கிடந்தது.

என்ன கிடைத்தது

ஞாயிறு காலை தொரட்டியில் மாட்டி வெளியே வந்தது. தளத்தின் முன்பக்கம் இருந்த 88 மி.மீ. பீரங்கி ஒடிந்து காணாமல் போயிருந்தது; அது தொரட்டி செய்த வேலை. தளத்தைத் திறந்தால் மூக்கு மூடி 4 மி.மீ. வெளியே தள்ளி, உள்தடுப்பில் முட்டிக்கொண்டு நின்றது. சிலிண்டரில் முக்கால்வாசித் தண்ணீர். ரிசீவர், பாட்டரி, கியர் மோட்டார் எல்லாம் போயின.

பின்பக்கத் தண்டு சீல்களைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன், ஏனென்றால் அவை என் கைவேலை. சிலிண்டரில் தண்ணீர் நிரப்பி, பின்மூடி கீழே வரும்படி தொங்கவிட்டு, அடியில் தினத்தாள் விரித்தேன். காலையில் தாள் காய்ந்திருந்தது. சிரிஞ்சும் குற்றமற்றது. மிச்சம் மூக்கு மூடி. ஆனால் அது எப்போது நகர்ந்தது? தொரட்டி இழுத்தபோது நகர்ந்திருக்கலாம். அடியில் மோதியபோது நகர்ந்திருக்கலாம். அப்படியானால் அது விளைவு, காரணம் இல்லை. இரவெல்லாம் தண்ணீரில் கிடந்ததால் எவ்வளவு தண்ணீர், எப்போது புகுந்தது என்பதற்கான சாட்சியும் அழிந்துவிட்டது. இரண்டு வாரம் இந்த இடத்திலேயே நின்றேன்.

விடை பேக்கரியில் தொங்கிக்கொண்டிருந்தது. வர்க்கியும் டீயும் வாங்கிக்கொண்டு நின்றபோது எதிரே சரம் சரமாகச் சிப்ஸ் பாக்கெட்டுகள், ஒவ்வொன்றும் தலையணை மாதிரி உப்பி. சமவெளியில் அடைத்து மலைக்கு வந்த பாக்கெட் எல்லாம் இப்படித்தான் இருக்கும். சுற்றுலா வருபவர்கள் அதைப் படம் எடுப்பார்கள். எங்களுக்கு அது கண்ணில்கூடப் படாது. டீயை வைத்துவிட்டுப் பில் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.

மலை ரயில் நிலையப் பலகைகளில் உயரம் எழுதியிருக்கும். மேட்டுப்பாளையம் 326 மீட்டர், குன்னூர் 1,712. இரண்டுக்கும் நடுவே காற்றழுத்தம் சுமார் 150 மில்லிபார் குறைகிறது. ஒன்றரை மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தம் அது, ஆனால் உள்ளிருந்து வெளியே தள்ளுவது. கூடவே சிலிண்டர் 32 டிகிரியிலிருந்து 18 டிகிரிக்குக் குளிர்ந்ததில் உள்காற்றின் அழுத்தமும் 45 மில்லிபார் இறங்கியிருக்கும். நிகரம் 105. பைப்பின் உள்ளளவு 57 மி.மீ., பரப்பு 25.5 சதுர செ.மீ. மூடியின் மேல் 2.7 கிலோ கனம். பஸ் குலுங்கும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும், விடாமல். நான் கையால் இழுத்துப் பார்த்தது ஐந்து விநாடி.

அதே தாளில் இன்னொரு வரி எழுதியபோதுதான் உடம்பு சிலிர்த்தது. மூடி 4 மி.மீ. வெளியே வந்தால் சிலிண்டரின் கொள்ளளவு எவ்வளவு கூடும்? 25.5 பெருக்கல் 0.4. பத்து மில்லி. படகுக்கு 10 கிராம் கூடுதல் மிதப்பு. குளத்தங்கரையில் கணக்கில் வராமல் நின்ற அதே 10 கிராம்!

தொரட்டிக்கும் குளத்தின் அடிக்கும் இதோடு விடுதலை. மூடி தண்ணீரைத் தொடும் முன்பே நகர்ந்திருந்தது.

மற்ற எல்லாம் தானாக வரிசைக்கு வந்தன. பைப்பின் வாயை மூடி சுலபமாக நுழைவதற்காகச் சாய்வாகச் செதுக்கியிருந்தேன். 4 மி.மீ. நகர்ந்ததும் ஓ-ரிங் அந்தச் சாய்வில் வந்து உட்கார்ந்தது. பாதி அடைப்பு, பாதி திறப்பு. சிரிஞ்சு 60 மில்லி உறிஞ்சும்போது பிஸ்டன் சிலிண்டருக்குள் பின்வாங்குகிறது. உள்ளே இருந்த வெற்றுக் காற்று சுமார் 600 மில்லி. அது பத்தில் ஒரு பங்கு நெருக்கப்பட்டு மூக்கு வழியே கசிந்தது. நான் மருமகனுக்குக் காட்டிய குமிழிகள் அவைதான். காற்று போன வழியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. குறைந்திருந்த அரை கிராம் நிரம்பியதும் படகு சொன்ன பேச்சைக் கேட்டது. மூக்கில்தான் தண்ணீர் என்பதால் மூக்கு தாழ்ந்தது.

எனக்கு மிகவும் வலித்தது அடுத்த பகுதி. மேலே வரச்சொன்னபோது பிஸ்டன் முன்னே போய் 60 மில்லியை வெளியே தள்ளியது. ஆனால் உள்காற்று ஏற்கெனவே கசிந்துவிட்டதால் பிஸ்டன் முன்னே போனதும் சிலிண்டருக்குள் அழுத்தம் இறங்கி, மூக்கு வழியே அதே அளவு தண்ணீரை இழுத்தது. நான் பொத்தானை அழுத்த அழுத்தப் படகைக் காப்பாற்றவில்லை. கைப்பம்பு அடித்துத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

பஸ் சோதனை

கணக்கு சரியாக வந்தால் மட்டும் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்று மருமகன் சொன்னான். காலிச் சிலிண்டரை எடுத்துக்கொண்டு கீழே போய், மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் மூடியை அடைத்து, மூடிக்கும் பைப்புக்கும் சேர்த்து மார்க்கர் கோடு போட்டோம். அவன் மடியில் வைத்துக்கொண்டான். பக்கத்து சீட்டு அம்மா, "என்னப்பா அது?" என்று கேட்டதற்கு, "பைப்புங்க" என்றான். கல்லாறு வரை ஒன்றுமில்லை. பர்லியாறு தாண்டியும் கோடு சேர்ந்தே இருந்தது. மரப்பாலத்துக்கு மேலே ஒரு நூலிழை இடைவெளி. காட்டேரிக்கு முன்னால் 2 மி.மீ. குன்னூர் நெருங்கும்போது, முட்டிக்கொள்ளத் தடுப்பு எதுவும் இல்லாததால், மூடி புஸ்ஸென்று கழன்று அந்த அம்மாவின் பைக்குள் விழுந்தது.

மாற்றியது

சிலிண்டரின் நடுவே நெடுக 4 மி.மீ. திருகுக்கம்பி ஒன்று; இரண்டு மூடியையும் அது பிடித்துக்கொள்கிறது, மூக்குப்பக்கம் சிறகு நட்டு. ஓ-ரிங் இரண்டானது. முக்கியமானது, சைக்கிள் டியூப் வால்வு ஒன்றை மூடியில் பதித்தேன். குளத்தங்கரையில் வால்வைத் திறந்து மூடினால் உள்ளும் வெளியும் ஒரே அழுத்தம். உள்ளே கொஞ்சம் அழுத்தம் கூடுதலாக வைத்தால் தண்ணீர் புகாதே என்று சிலர் சொல்லக்கூடும். அது உண்மைதான், ஆனால் எவ்வளவு கூடுதல் என்று தெரியாத அழுத்தத்தை நான் உள்ளே வைக்கமாட்டேன்.

அதே வால்வு ஒழுகல் பார்க்கவும் உதவுகிறது. கொத்தனார்கள் தண்ணீர் விட்டு மட்டம் பார்ப்பார்களே, அந்தக் கண்ணாடி போன்ற டியூபை வளைத்துச் சாயத் தண்ணீர் விட்டு வால்வில் மாட்டி, சிரிஞ்சால் காற்றை உறிஞ்சி 30 செ.மீ. வித்தியாசம் வரவைக்க வேண்டும். பத்து நிமிடம் அது இறங்காமல் நின்றால் படகு குளத்துக்குப் போகலாம்.

பனிமூட்டத்தில் அடைத்தால் குளிர்ந்த தண்ணீரில் சிலிண்டருக்குள் வியர்க்கிறது என்பதையும் இடையில் கண்டோம். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல்லைத் தோசைக்கல்லில் லேசாக வறுத்து உள்ளே போடுகிறேன். வீட்டில் தோசைக்கல் தனியாக வாங்கச் சொல்லிவிட்டார்கள். சிலிண்டரின் அடியில் இரண்டு வெறும் செம்புக் கம்பிகள், நனைந்தால் சிரிஞ்சைக் காலி செய்யும். மெதுவான ஒழுகலுக்கு மட்டும்தான் அது; பெரிய ஒழுகலில் என்ன ஆகும் என்று மேலே எழுதிவிட்டேன்.

எதிர்த்திசையிலும் ஒருமுறை சிக்கினோம். குன்னூரில் வால்வை மூடிக் கீழே கொண்டுபோனபோது மூடி உள்வாங்கிக்கொண்டு அசைய மறுத்தது. மருமகன் காலால் மிதித்துக்கொண்டு இழுத்தான். வால்வை அரைத் திருப்பு திருப்பினேன், தானாக வந்தது. அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

எடைக்கு இப்போது ஒரு சின்ன டப்பா இருக்கிறது. அதில் 6 கிராம் ஈயம் ஒரு பொட்டலம், மேலே "குன்னூர்" என்று எழுதியிருக்கும். குளிர்ந்த தண்ணீருக்கு அதைப் படகின் அடிப்பகுதியில் வைப்பது, மலையிறங்கிப் போகும்போது எடுப்பது.

மறுசோதனை அதே குளத்தில், இந்த முறை காலை எட்டு மணிக்கு. 55 மில்லிக்கும் 60 மில்லிக்கும் நடுவே மட்டமாக இறங்கியது. குமிழி முதல் அரை நிமிடம் துளைகளிலிருந்து வந்து நின்றுவிட்டது. பதினாலு தடவை மூழ்கி எழுந்தபின் பாட்டரி தீர்ந்தது. சிலிண்டரைத் திறந்து தினத்தாளில் கவிழ்த்தோம்; ஒரு சொட்டு இல்லை.

பீரங்கி மட்டும் இன்னும் இல்லை. கோடையில் குளத்தைத் தூர் வாருவார்கள், சேற்றில் கிடைத்தால் எடுத்துவைக்கிறேன் என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். எவ்வளவு பெரிது என்று கேட்டார். சுண்டுவிரலைக் காட்டினேன்.